நிரந்தர வாசமும் பத்தாண்டுப் புத்தகமும்

அயல்நாடொன்றில் ஆயுள் முழுவதும் தங்கி வாழ அனுமதி கேட்கிறவன் முதலில் நீட்ட வேண்டிய சாதனம், பத்தே ஆண்டுகளில் காலாவதியாகிவிடும் ஒரு சிறு புத்தகம் என்பது, குடியேற்ற விதிகளை வகுத்தவர்கள் வேண்டுமென்றே செய்த பரிகாசமன்று; ஆயினும் அதனால் நேரும் சங்கடங்களில் பரிகாசத்துக்கு இடமில்லாமலும் இல்லை. பட்டச் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, ஆங்கிலப் பரீட்சையில் அரை பேண்டு குறைந்ததற்காக மறுபடியும் பணம் கட்டி எழுதி, பழைய முதலாளிகளின் பின்னே அலைந்து அனுபவக் கடிதங்கள் வாங்கி, வங்கிக் கணக்கில் இருக்க வேண்டிய தொகையை மாமனாரிடமும் மைத்துனரிடமும் அன்பளிப்பாகப் பெற்று நிரப்பி, இவ்வளவிலும் கண்ணும் கருத்துமாக இருக்கும் நம் இளைஞர்கள், பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் கடைசித் தேதியை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதே, போதாதா?" என்பார்கள்.

இந்த ஆறு மாதக் கணக்கு உல்லாசப் பிரயாணிகளின் கணக்கு. போய்த் திரும்புகிறவர்களுக்காகப் பல தேசங்கள் ஏற்படுத்தி வைத்திருக்கும் நிபந்தனை அது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இதையே மூன்று மாதமாகக் குறைத்து, புத்தகம் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று வேறொரு விதியையும் கூடவே வைத்திருக்கின்றன. திரும்பி வராத உத்தேசத்துடன் புறப்படுகிறவனுக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. அவனுடைய பாஸ்போர்ட் மூன்று வெவ்வேறு நாட்களில் உயிரோடிருக்க வேண்டும்: விண்ணப்பம் போடும் நாளில் ஒரு முறை, அது தீர்மானிக்கப்படும் நாளில் ஒரு முறை, அந்த மண்ணில் கால் வைக்கும் நாளில் ஒரு முறை. இம்மூன்றுக்கும் இடையே ஓராண்டு கழியலாம், ஈராண்டும் கழியலாம். முதல் நாளில் சட்டம் அதிகம் கேட்பதில்லை. செல்லுபடியான புத்தகம் ஒன்று இருந்தால் போதும் என்று வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தத் தாராளத்தை நம்பித்தான் பலரும் மோசம் போகிறார்கள்.

ஒரு தேசம் தன்னிடம் நிரந்தரமாக வந்து சேரப் போகிறவனிடம் அவன் விட்டு வரும் தேசத்தின் சீட்டைக் கேட்பானேன் என்று தோன்றலாம். வந்தவன் இன்னான் என்று பொறுப்பேற்றுச் சொல்ல ஓர் அரசாங்கம் வேண்டும் என்பது ஒரு காரணம். எல்லைச் சாவடியில் ஏதோ ஒரு காரணத்தால் அவனை ஏற்க மறுக்க நேர்ந்தால், திரும்ப எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்ட தேசம் எது என்பதில் தகராறு இருக்கக் கூடாது என்பது மற்றொன்று. முதல் உலக யுத்தத்துக்கு முன் இந்தக் கவலை எவருக்கும் இவ்வளவு தீவிரமாக இருந்ததில்லை. யுத்தம் முடிந்து, 1920-இல் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸில் கூடிய மகாநாட்டில்தான் இன்று நாம் அறிந்த புத்தக வடிவமே ஒருவாறு நிர்ணயமாயிற்று. தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலிலும் போய்க் கொழும்பில் கடை வைத்த நம் பாட்டனார்களில் பலர், பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கண்ணாலும் காணாமல் அரைவாசி ஆயுளை அங்கே கழித்தவர்கள். இந்தியாவிலேயே, பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனமுவந்து கொடுக்கும் சலுகையன்று, வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1967-இல்தான். அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டமும் பிறந்தது. உரிமை நம்முடையதாயினும், புத்தகம் மட்டும் இன்றும் இந்திய அரசின் சொத்து என்று அதன் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் பெருந்திரளாகப் பலர் நாடிச் செல்லும் கனடாவை எடுத்துக்கொண்டு இந்த மூன்று நாட்களின் கதையைப் பார்க்கலாம். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், தகுதிப் பட்டியலில் பெயர் பதியும்போதே பாஸ்போர்ட் எண்ணைக் கேட்கிறார்கள். மதிப்பெண் எட்டி அழைப்பு வந்ததும், 'ஐ.டி.ஏ. வந்துவிட்டது' என்று வீட்டில் இனிப்பு வழங்கிய கையோடு, 60 நாட்களுக்குள் எல்லாப் பத்திரங்களையும் சேர்த்து விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். ஆறு மாதத்தில் முடிவு சொல்வது குடியேற்ற இலாகாவின் லட்சியம். லட்சியங்கள் எல்லாம் எப்போதும் நிறைவேறுவதில்லை என்பது வேறு விஷயம். முடிவு சாதகமானால் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி உத்தரவு வரும். அதில் ஒரு விசாவை ஒட்டி, கூடவே நிரந்தர வாசத்தை உறுதிப்படுத்தும் பத்திரம் ஒன்றையும் தருவார்கள், சி.ஓ.பி.ஆர். என்று நம்மவர் சொல்லிப் பழகிவிட்ட பத்திரம் அது.

கண்ணி இருப்பது அந்தப் பத்திரத்தில். அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. வைத்தியப் பரிசோதனை 12 மாதம் செல்லும். பாஸ்போர்ட் அதன் தேதி வரை செல்லும். இவ்விரண்டில் எது முந்துகிறதோ அதுவே பத்திரத்தின் ஆயுள். அந்தத் தேதிக்குள் கனடாவில் போய் இறங்கியாக வேண்டும். தேதியை நீட்டித்துத் தரும் வழக்கமே இல்லை. ஆக, ஆயுட்கால அனுமதியின் நுழைவாயிலை எத்தனை நாள் திறந்து வைப்பது என்பதை, பத்தாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு குமாஸ்தா அச்சிட்டுக் கொடுத்த தேதி நிர்ணயிக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பிக்கும் முன்னரே வைத்தியப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே அந்தக் கடிகாரமும் முன்கூட்டியே ஓடத் தொடங்கிவிடுகிறது, இரண்டு கெடுக்களுக்கும் நடுவில் மிஞ்சும் இடைவெளி இன்னும் குறுகிவிட்டது.

அம்பத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளரின் குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். அவருடைய பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஏழு ஆண்டு ஆயுள். மனைவியினுடையதற்கு ஐந்து ஆண்டு. இருவருக்கும் கவலையில்லை. மகனுக்கு இரண்டு வயதில், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவைப் பார்த்துவரப் போனபோது எடுத்தது ஒன்று இருக்கிறது. குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கோ பதினெட்டு வயது வரைக்குமோ, எது முந்தியதோ அது வரைதான் செல்லும் என்பதைப் பெற்றோர் கேள்விப்பட்டிருப்பார்கள். நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பிப்ரவரியில் பரிசோதனை, மார்ச்சில் விண்ணப்பம், அக்டோபரில் அனுமதி. பெற்றோரின் பத்திரங்கள் மறு பிப்ரவரி வரை செல்லும். பையனுடைய பத்திரமோ அவனுடைய பாஸ்போர்ட்டோடு நவம்பரில் முடிந்துவிடும். பிரதான விண்ணப்பதாரருக்கு முன்னால் குடும்பத்தினர் போய் இறங்கவும் முடியாது. ஆகவே தகப்பனார் வேலையை அவசரமாக ராஜினாமாச் செய்து, நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் கழித்துக்கொண்டு, எல்லோருமாக நவம்பருக்குள் விமானம் ஏற வேண்டும். அல்லது பையனின் புத்தகத்தைப் புதுப்பித்து இலாகாவுக்கு அறிவித்துவிட்டு, அதன் பிறகே மூவரின் புத்தகங்களையும் விசா ஒட்ட அனுப்ப வேண்டும். ஏழு வயதுப் பையனின் பாஸ்போர்ட் முழுக் குடும்பத்தின் பிரயாண முகூர்த்தத்தைக் குறிக்கும் இந்த விநோதத்தை, ஜோசியர்கள் கூட முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தேதி கடந்த பத்திரத்தின் கதி என்ன என்பதை உலகம் 2020-இல் பார்த்தது. அவ்வாண்டு மார்ச் 18-ஆம் தேதி, கொள்ளை நோய்க்கு அஞ்சிக் கனடா தன் எல்லையை அடைத்தது. அதற்குப் பின் பத்திரம் பெற்றவர்கள், வீட்டை விற்றவர்களும் வேலையை விட்டவர்களும் உட்பட, காத்திருக்க வேண்டியதாயிற்று. 2021 ஜூன் 21-ஆம் தேதி, செல்லுபடியான பத்திரம் வைத்திருக்கும் எவரும் வரலாம் என்று கதவைத் திறந்தபோது, அந்த ‘செல்லுபடியான’ என்ற நிபந்தனை எத்தனை பேரை வெளியே நிறுத்தியது! காலாவதியானவற்றுக்குப் பதிலாகப் புதிய பத்திரங்கள் வழங்கப்பட்டன. அதற்கு மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் பாஸ்போர்ட், மறுபடியும் காத்திருத்தல். அப்படிப்பட்ட அசாதாரண காலத்திலும் தேதியை நீட்டுவதற்குப் பதில் பத்திரத்தையே புதிதாக எழுதினார்கள் என்பதிலிருந்து, அந்த விதி எவ்வளவு இறுகியது என்பதை ஊகிக்கலாம்.

ஆகையால் புதுப்பிப்பதாயிருந்தால் எப்போது புதுப்பிப்பது என்பதே விவேகிகள் யோசிக்க வேண்டிய கேள்வி. என் அபிப்பிராயம், ஆங்கிலப் பரீட்சைக்குப் பணம் கட்டுவதற்கும் முன்னால் என்பது. பாஸ்போர்ட் முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே மறு வழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம். மிச்சமிருக்கும் மாதங்கள் புதிய புத்தகத்தில் வரவு வைக்கப்படுவதில்லை என்று மனம் குமைவோர் உண்டு, ஆனால் அந்த மாதங்களைச் சிக்கனம் பிடித்து அவர்கள் சேமிப்பது ஒன்றுமில்லை. சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய மூன்று சேவா கேந்திரங்களில் ஒன்றுக்குக் குறித்த நேரத்தில் போனால், டோக்கன் எண் திரையில் மின்னும், ‘ஏ’ கவுண்டரில் படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள், ‘பி’யில் பத்திரங்களைச் சரிபார்ப்பார்கள், ‘சி’யில் உத்தியோகஸ்தர் ஒரு முறை நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டு அனுமதிப்பார். 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய். தத்காலில் வேண்டுமானால் மேலும் 2000. பழைய புத்தகத்தின் மூலையை வெட்டி, ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதைப் பரணில் போட்டுவிடக் கூடாது. பத்தாண்டுக் காலத்தில் எங்கெங்கே போனாய், எப்போது திரும்பினாய் என்று கனடா கேட்கும்போது, அழிந்தும் அழியாமலும் இருக்கும் அந்தப் பழைய முத்திரைகளே சாட்சி.

விண்ணப்பத்தின் நடுவில் புதுப்பிப்பது குற்றமன்று, தொல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டின் எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பதிவில் பழைய எண், வைத்தியரின் தாளில் பழைய எண், பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் நற்சான்றிலோ எண்ணை எடுத்தே எழுதியிருக்கும். ஆகவே புதிய புத்தகத்தின் படியையும் பழையதன் படியையும் சேர்த்து, இன்னது இதற்குப் பதிலாக வந்தது என்று ஒரு கடிதமும் வைத்து, உடனே தெரியப்படுத்திவிட வேண்டும். பேசாமலிருந்துவிட்டுப் பின்னால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பது அசட்டுத் துணிவு.

இதனினும் பெரிய தொல்லை ஒன்று தமிழர்களாகிய நமக்கே உரியது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்குப் பாஸ்போர்ட்டில் கட்டம் கிடையாது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதியவர்கள் லட்சக்கணக்கானோர். கனடாவின் படிவங்களில் அப்படிப்பட்ட பெயர் முழுவதும் குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவிலோ, ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்தே முதற்பெயராகிவிடும். இந்த அவமானம் வேண்டாமென்று புதுப்பிக்கும் சமயத்தில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பட்டச் சான்று, மதிப்பீட்டு அறிக்கை, ஆங்கிலப் பரீட்சையின் முடிவு எல்லாம் பழைய பெயரில் நிற்கும். முன்கூட்டியே செய்திருந்தால் ஒரு பிரமாணப் பத்திரத்தோடு போயிருக்கும். நடுவில் செய்தால், இரண்டு பேர்வழிகள் ஒரு விண்ணப்பத்தில் இருப்பதாகத் தோன்றும்.

மற்ற தேசங்களில் அனுமதியையும் பாஸ்போர்ட்டையும் பிணைக்கும் கயிறு வேறு வேறு விதமாக முறுக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியா 2015 செப்டம்பரிலிருந்து விசாத் தாளை ஒட்டுவதையே நிறுத்திவிட்டது. அனுமதி கணினியில் பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்து கிடக்கும், எண் மாறினால் அறிவித்தால் போதும். பிரிட்டனும் கைக்கடக்கமான வாச அட்டைகளை ஒழித்து மின்விசாவுக்கு மாறிவிட்டது; புதிய பாஸ்போர்ட்டை அந்தக் கணக்கில் இணைக்க மறந்தவருக்கு உரிமை போவதில்லை, விமானக் கம்பெனியின் மேஜையில் வியர்த்துக் கொட்டுவதோடு சரி. ஜெர்மனியில் செல்லுபடியான பாஸ்போர்ட் வைத்திருப்பதே வெளிநாட்டவரின் சட்டக் கடமைகளில் ஒன்று.

அமெரிக்காவின் விஷயம் சற்று நின்று பார்க்கத்தக்கது. வெளியிலிருந்து குடியேற்ற விசாவில் செல்கிறவரிடம், உள்ளே நுழைய உத்தேசித்த தேதிக்கு மேல் ஆறு மாதம் செல்லும் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். ஆனால் நம்மவரில் பெரும்பாலோர் எச்-1பி விசாவில் அங்கேயே உத்தியோகம் பார்த்தபடி கிரீன் கார்டுக்காகக் காத்திருப்பவர்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்தாண்டுக்கும் நீளுகிறபடியால், காத்திருக்கும் காலத்திலேயே ஒருவர் இரண்டு பாஸ்போர்ட்டுகளைத் தேய்த்துவிடலாம். இவர்களுக்கு ஆபத்து எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கிறது. வேலை அனுமதி மூன்று ஆண்டுக்கு இருக்கும். தீபாவளிக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது, விமான நிலைய உத்தியோகஸ்தர் பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடிவதைக் கண்டு, ஐ-94 எனப்படும் வருகைப் பதிவில் அந்தத் தேதியையே தங்கும் கெடுவாகக் குறித்துவிடுவார். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டாலும் அந்தக் கெடு தானாக நீளாது. கையிலுள்ள வேலை அனுமதித் தாளை நம்பி நிம்மதியாக இருப்பவர், தாம் அறியாமலே அந்தஸ்து இழந்தவராகிவிடுகிறார். 180 நாட்களுக்கு மேல் அப்படியே கழிந்துவிட்டால், வேலை வழியே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பத்துக்கே அது பங்கமாக முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் பாஸ்போர்ட் கேட்டால் கிடைக்கும் மனிதர்களைப் பற்றியது. சொந்த அரசாங்கத்துக்கு அஞ்சி ஓடியவன் அந்த அரசாங்கத்தின் வாசலிலேயே போய்ப் புத்தகத்தைப் புதுப்பித்துத் தா என்று எப்படிக் கேட்பான்? 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் மீட்டபோது, அவர்களின் கடவுச்சீட்டில் எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்பதா கேள்வியாயிருந்திருக்க முடியும்? கனடியச் சட்டம் இதை உணர்ந்தே, அகதியென்று ஏற்கப்பட்டவர் நிரந்தர வாசம் கோரும்போது கடவுச்சீட்டுக்குப் பதிலாக வேறு அடையாளப் பத்திரங்களையும், அவையும் இல்லாவிடில் அவரை அறிந்தவர்கள் செய்யும் சத்தியக் கடதாசியையும் ஏற்க வழி செய்திருக்கிறது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஷெல்லடியில் எரிந்துபோன ஒருவருக்காக, ஊர்க்காரர் ஒருவர் ஸ்காபரோவில் ஒரு வழக்கறிஞர் முன் கையெழுத்திடுவது, அந்த விதியின் நடைமுறை வடிவம்.

அனுமதி கிடைத்த பிறகுதான் அகதிக்கு உண்மையான பொறி காத்திருக்கிறது. நிரந்தர வாசம் பெற்றுவிட்டோம், இனிப் பயமென்ன என்று இலங்கைத் தூதரகத்துக்குப் போய்க் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, தாயாரின் அந்திமக் கிரியைக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ ஊர் போய் வருகிறவர், தாம் விட்டு ஓடிய அரசின் பாதுகாப்பை மீண்டும் நாடியவராகக் கருதப்படலாம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலேயே உள்ள பிரிவு அது. ஆனால் 2012 டிசம்பரில் கனடா தன் சட்டத்தைத் திருத்தியபோது, அகதி அந்தஸ்து இவ்வாறு முடிவடைந்தால் நிரந்தர வாசமும் உடன் போகும் என்று ஆக்கிவிட்டது. சிறுமியாக வந்து அகதியாக ஏற்கப்பட்ட கொலம்பியப் பெண் ஒருவரின் வழக்கில் 2022-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிச் செய்தால் இன்ன விளைவு வரும் என்பதை அவர் அறிந்திருந்தாரா, எதற்காகப் பிரயாணம் செய்தார், யாரிடமிருந்து அவருக்கு ஆபத்து என்பனவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, கடுமையைச் சற்றுத் தணித்தது. எனினும் சட்டம் மாறவில்லை. ஒருவனுக்குப் புதுப்பிக்காமலிருப்பது தவறு. அதே வீதியில் குடியிருக்கும் இன்னொருவனுக்குப் புதுப்பிப்பதே தவறு. இருவரும் ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரியான வாச அட்டை பெற்றவர்கள். இந்த வேற்றுமையை அட்டை வழங்கும்போதே அழுத்தந்திருத்தமாகச் சொல்லாமல், கனேடியப் பிரஜையாகும் விண்ணப்பம் ஆராயப்படும்போது கடவுச்சீட்டின் முத்திரைகளைப் பார்த்துக் கண்டுபிடிப்பதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகதிகளுக்கெனத் தனிப் பிரயாணப் பத்திரம் உண்டு. பிரஜையாகும் வரை அதையே வைத்துக்கொள்வது உத்தமம்.

அகதியல்லாத மற்றவர்களுக்கு வாச அட்டை வந்த பின்னும் தாய்நாட்டுப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டேயிருக்கும் கடமை தீர்வதில்லை. கனடிய அட்டை வழக்கமாக ஐந்து ஆண்டுக்கு. ஐந்து ஆண்டில் 730 நாட்கள் அங்கே வசித்திருந்தால் வாச உரிமை நிலைக்கும். 1095 நாட்கள் நிறைந்தால் பிரஜையாக விண்ணப்பிக்கலாம். அட்டை இருந்தும் பாஸ்போர்ட் இல்லாதவரை விமானக் கம்பெனி ஏற்றாது; ஆகவே டொரண்டோவிலும் வான்கூவரிலும் இந்தியத் தூதரக அலுவலகங்களுக்காகப் பணி செய்யும் மையங்களில் நம்மவர் கூட்டம் ஓய்வதேயில்லை. பிரஜையாகிவிட்டாலோ, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்ளாதபடியால், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ஒரு சான்றும் பெற்றுக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் இன்னும் எட்டு ஆண்டு மிச்சமிருக்கிறதே என்று சொல்லிப் பயனில்லை. அதற்காகக் கட்டிய பணம் திரும்புவதுமில்லை, ஒப்படைப்பதற்கென்று தனியாக ஒரு கட்டணமும் உண்டு.